பதினேழாம் நம்பர் ஈ

முதல் அடி என் இடது காதில் விழுந்தது. இரண்டாவது அடி வருவதைப் பார்த்தேன். பார்த்து என்ன பிரயோஜனம், அதுவும் அதே காதில்தான் விழுந்தது. அடித்தது ஒன்றரை அடி நீள எவர்சில்வர் கரண்டி. மூன்றாவதற்கு ஓங்கியபோது கரண்டியையும் அதைப் பிடித்த கையையும் சேர்த்துப் பிடித்து, அந்த ஆளைச் சுவரோடு சுவராக அழுத்தினேன். அவர் மூக்கு சுவரில் மோதி ரத்தம் கொட்டியது. அலமாரியில் இருந்த கண்ணாடிக் குழாய்கள் கிணுகிணுத்தன.

"யோவ், நான் நல்லவன்யா!"

"அவளைக் கொன்னவனும் அப்படித்தான் சொல்லியிருப்பான்!" என்று அவர் என் முகத்தில் ரத்தத்தோடு எச்சிலைத் தெறிக்கவிட்டார்.

"டேய் மூட்டை, அவரை விடு" என்றது வாசலில் இருந்து ஒரு குரல். "பயந்துபோய் அடிக்கிறார். நீ ஏன்டா பதிலுக்கு அடிக்கிறே?"

"நானும் பயந்துபோய்தான் பெரியம்மா."

பெரியம்மா என்றால் நிஜமாகவே என் பெரியம்மா, என் அம்மாவின் அக்கா. முப்பத்தோரு வருஷம் தபால் பிரிக்கும் ஆபீசில் நின்றுகொண்டே வேலை பார்த்து, இரண்டு முழங்காலையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். ஓய்வு எடுங்கள் என்று வழியனுப்பினார்கள். அவர் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். நான் பதினெட்டு வருஷம் லாரியில் மூட்டை ஏற்றியவன். இந்தத் தொழிலில் மூளை அவர் பொறுப்பு, முதுகு என் பொறுப்பு. நடுவில் வாயும் என் பொறுப்புதான் என்று நான் சொல்வேன். அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

நாங்கள் நின்றது ஒரு பல்கலைக்கழகத்தின் உயிரியல் கட்டடத்தில், முதல் மாடியில், ஈ ரூமில். பெயரே அதுதான். ஒரு குளியலறை அளவு இடம், அனல் மாதிரி ஒரு வெதுவெதுப்பு, நாலு பக்கமும் அலமாரி. அலமாரி நிறைய விரல் தடிமன் குழாய்கள். ஒவ்வொன்றின் அடியிலும் மாவுக்கூழ், வாயில் பஞ்சு அடைப்பு, நடுவில் கனிந்த பழத்தைச் சுற்றுமே, அந்தப் பொடி ஈக்கள். என்னைக் கரண்டியால் அடித்தவர் அந்த ஈக்களுக்குச் சமைப்பவர். மக்காச்சோள மாவையும் சர்க்கரையையும் ஈஸ்ட்டையும் காய்ச்சிக் குழாயில் ஊற்றுவது அவருக்கு உத்தியோகம். ஈ ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஈக்குச் சமைக்கிறவரை அன்றுதான் பார்த்தேன்.

"செவ்வாய்க்கிழமையில இருந்து காணோம். இன்னைக்கு சனி" என்றார் பெரியம்மா அவரிடம், கைக்குட்டையை நீட்டி. "அந்தப் பொண்ணோட அக்கா எங்களைக் கூப்பிட்டிருக்காங்க. கொன்னவன்னு சொன்னீங்களே, ஏன்?"

காணாமல் போனவள் ஒரு ஆராய்ச்சி மாணவி. கட்டடம் முழுக்க அவளுக்கு ஈக்காரி என்றுதான் பெயர். போலீஸுக்குப் போனபோது, "வயசுப் பொண்ணு, எங்கேயாவது போயிருக்கும், வந்துடும்" என்று சொல்லி ஃபைலை மூடியிருந்தார்கள்.

சமையல்காரர் சட்டைப்பையில் இருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார்.

"காலைல அலமாரிக்கு அடியில பெருக்கினேன். இது வந்துது."

உள்ளே ஒரு பல். முன்பல். ஓரத்தில் சின்னதாக உடைந்திருந்தது. வேரில் காய்ந்த ரத்தமும் துணுக்குச் சதையும் ஒட்டியிருந்தன. நான் விளையாட்டாக ஏதோ சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமல் மூடிக்கொண்டேன்.

"தரையை யாரோ மருந்து ஊத்திக் கழுவியிருக்காங்க. செவ்வாய் ராத்திரி வாசனை மூக்கைத் துளைச்சுது. ஒரு கேஸ் சிலிண்டரையும் காணோம், ஈயை மயக்கறதுக்கு வெச்சிருந்தது. நான் தண்ணிக்குழாய்காரங்க வேலைன்னு நெனச்சு விட்டுட்டேன்மா. எம் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

"அதுக்கு முன்னாடி என்னைக் கரண்டியால அடிச்சுட்டீங்க" என்றேன்.

* * *

அக்காக்காரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன். ஈக்காரி அவரை அத்தான் என்று கூப்பிடுவாளாம், அதனால் நாங்களும் அத்தான் என்றே வைத்துக்கொண்டோம். அதே கட்டடத்தின் இரண்டாவது மாடியில் கிருமி ஆராய்ச்சி செய்பவர். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. நாங்கள் வந்ததில் இருந்து எங்களுக்குக் கதவு திறந்துவிட்டதும் நாற்காலி போட்டதும் அவர்தான்.

பெரியம்மா சுற்றி வளைக்காமல் காகிதத்தை விரித்தார். அக்காக்காரி ஒரு நொடி பார்த்தாள்.

"ஊஞ்சல்ல இருந்து விழுந்தா. ஏழு வயசு. நான்தான் வேகமா ஆட்டிவிட்டேன்" என்றாள். பிறகு வயிற்றில் உதை வாங்கியவள் மாதிரி மடங்கி, தரையில் சரிந்து, அந்தக் காகிதத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஓலமிட்டாள். "அம்மா போனப்புறம் நான் வளத்த பொண்ணு அது! உயிரோட இருக்காளா, அதை மட்டும் சொல்லுங்க. அடிச்சிருந்தாலும் பரவாயில்ல, கை கால் போயிருந்தாலும் பரவாயில்ல, உயிரோட இருந்தா போதும்!"

பெரியம்மா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அந்த முழங்காலுக்கு அது லேசுப்பட்ட காரியம் இல்லை.

அத்தான் என் பக்கம் குனிந்து, "அவ நோட்டு ஏதாவது கிடைச்சுதா?" என்று மெல்லக் கேட்டார்.

"இன்னும் இல்ல சார். அதுல என்ன இருக்கு?"

அவர் எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார், அதை மறுக்க முடியாது. ஈக்காரிக்குப் பேராசிரியர் கொடுத்த தலைப்பு வேறு. இது அவளாகவே, யார் உதவியும் இல்லாமல், தனியாகச் செய்த ஆராய்ச்சி. நடுக்க நோய் வந்த ஈக்கள் இருக்கின்றன. குழாயைத் தட்டினால் நல்ல ஈ சுவரைப் பிடித்து மேலே ஏறும், நோய் வந்த ஈ ஏற முடியாமல் விழும். அத்தானின் லேபில் இருந்து இருபத்திநாலு வகை மண் கிருமிகளை வாங்கி, சாறு எடுத்து, நோயாளி ஈக்களுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். பதினேழாம் நம்பர் சாறு குடித்த ஈக்கள் ஏறுகின்றன.

"அப்போ பதினேழாம் நம்பர் கிருமிதான் மருந்து. இதுக்கு நோட்டு எதுக்கு?"

"பதினேழு எந்தக் கிருமின்னு தெரியாதே. எது எந்தச் சாறுன்னு செய்யறவங்களுக்கே தெரியக்கூடாது, தெரிஞ்சா கண்ணு பாரபட்சமா பார்க்கும். அதனால நம்பர் மட்டும் போட்டு வேலை செய்வாங்க. எந்த நம்பர் எந்தக் கிருமின்னு லிஸ்ட் ஒண்ணு தனியா இருக்கும்." அவர் பெருமூச்சு விட்டார். "ஒன்பது வருஷம் நான் வளத்த கிருமிங்க தம்பி அதெல்லாம். லிஸ்ட் இல்லேன்னா முதல்ல இருந்து ஒவ்வொண்ணா செய்யணும். ஒன்றரை வருஷம் ஆகும். பாவம், அவ உழைப்பு வீணாப் போயிடும்."

பெண்டாட்டி தரையில் கிடந்து அழுகிறாள், இவர் உழைப்பைப் பற்றிப் பேசுகிறாரே என்று ஒரு கணம் தோன்றியது. படித்தவர்கள் துக்கத்தை இப்படித்தான் அடக்குவார்கள் போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் மூளையின் தரம் அவ்வளவுதான், அதனால்தான் அது பெரியம்மா பொறுப்பு.

* * *

மறுபடி ஈ ரூம். ஈக்காரியின் அலமாரித் தட்டில் இருபத்திநாலு குழாய்கள் வரிசையாக நின்றன. நான் பதினேழை எடுத்துத் தட்டினேன். ஈக்கள் அடியில் விழுந்தன. பிறகு ஒவ்வொன்றாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறின. பதினாறைத் தட்டினேன். அவை கூழில் விழுந்து, கால் உதறிக்கொண்டு அங்கேயே கிடந்தன.

பெரியம்மா குழாயை வாங்கி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"அய்யா, ஒரு குழாய்ல ஈ எத்தனை நாள் இருக்கும்?"

"மூணு நாலு நாளைக்கு ஒரு தடவை புதுக் கூழுக்கு மாத்தணும்மா" என்றார் சமையல்காரர். "இல்லேன்னா கூழ் இளகி எல்லாம் ஒட்டிச் செத்துடும்."

"அவ போய் அஞ்சு நாள் ஆச்சு. இது புதுக் கூழ். யார் மாத்தினது? நீங்களா?"

சமையல்காரர் எட்டிப் பார்த்தார். மூக்கில் வைத்திருந்த கைக்குட்டை கீழே விழுந்தது. "சத்தியமா நான் இல்லம்மா. சமைக்கிறதோட சரி, ஈயை நான் தொடவே மாட்டேன்."

குழாயில் ஒட்டியிருந்த சீட்டில் கறுப்புப் பேனாவில் மூன்று வரி. முதல் வரி 17. இரண்டாவது வரி தேதி. அது வெள்ளிக்கிழமையின் தேதி, அதாவது நேற்று.

"பெரியம்மா! இது அவ கையெழுத்தா?"

"கழுவப் போற பழைய குழாய் எங்க இருக்கு?"

மூலையில் ஒரு வாளி நிறையக் கிடந்தன. பெரியம்மா முக்காலி போட்டு உட்கார்ந்தார். தபால் பிரித்த விரல்கள் வேலையை ஆரம்பித்தன. ஒரு குழாய்க்கு அரை நொடி கூட ஆகவில்லை. நூறு, நூற்றைம்பது, இருநூறு. என் காதில் ஈக்கள் மொய்த்தன. கரண்டி பட்ட காது வேறு கொதித்தது.

"ஒரே கை. அதே ஏழு, அதே ரெண்டு. உயிரோட இருக்காடா." அவர் குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். "நேத்து வரைக்கும் உயிரோட இருந்திருக்கா. யாரோ ஈயை அவகிட்ட கொண்டுபோய் மாத்த வெச்சு, திரும்ப இங்க கொண்டாந்து வெச்சிருக்கான். அவனுக்கு ஈ சாகக் கூடாது, ஆனா மாத்தத் தெரியல. ஆனா இதைப் பாரு. இந்த இருநூறு சீட்டுலயும் மூணாவது வரி இருபத்தஞ்சு டிகிரி. நேத்து எழுதின இருபத்திநாலுல மட்டும் நாலு டிகிரி."

"கை தவறியிருக்கும்."

"இருபத்திநாலு தடவையா தவறும்?"

அத்தான் கதவோரம் வந்து நின்றார். பெரியம்மா குழாயை நீட்டினார். "தம்பி, நீங்க விஞ்ஞானி. இதுல ஏதாவது தப்பா இருக்கா பாருங்க."

அவர் வாங்கிப் பார்த்தார். "நம்பர், தேதி, டெம்பரேச்சர். எல்லாம் சரியா எழுதியிருக்கே. ஏம்மா?"

"சும்மாதான்."

"அவளுக்குத் தண்ணி எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அவர் போன வழியிலேயே பேராசிரியர் வந்தார், தோளில் பயணப்பை. வெளியூர்க் கூட்டத்துக்குத் திங்கட்கிழமை போனவர், அப்போதுதான் திரும்பியிருந்தார். வரும்போதே கோபம். தன்னைக் கேட்காமல் அவள் தனியாக ஆராய்ச்சி செய்தாள் என்பதில் ஒரு வருஷக் கடுப்பு அவருக்கு என்று சமையல்காரர் முன்பே காதைக் கடித்திருந்தார். அந்தக் காது வலது காது, நல்லவேளை. இந்த ஆள்தான் என்று நான் முஷ்டியை மடக்கித் தயாராக வைத்துக்கொண்டேன்.

பெரியம்மா அதே குழாயை நீட்டினார்.

"எந்த மடையன் எழுதினது இது?" என்று கட்டடம் அதிரக் கத்தினார் பேராசிரியர். "நாலு டிகிரியா? ஈயை நாலு டிகிரில வெச்சா சுருண்டு விழுந்து செத்துப்போகும்! நேத்து சேர்ந்த பொடியன் கூட இப்படி எழுத மாட்டான்!"

"அவ எழுதியிருக்கா சார்."

"சான்ஸே இல்ல. என்கிட்ட திட்டு வாங்காத ஒரே ஸ்டூடண்ட் அவ."

பெரியம்மா எழுந்து நின்றார். கண் பளபளத்தது. "அப்போ இது டெம்பரேச்சர் இல்ல. விலாசம். இந்தக் கட்டடத்துல நாலு டிகிரி எங்க சார் இருக்கு?"

பேராசிரியரின் வாய் திறந்தபடியே நின்றது. "பேஸ்மெண்ட்ல. பழைய கோல்டு ரூம். 'நாலு'ன்னுதான் சொல்லுவோம். மெஷின் ரிப்பேராகி ரெண்டு வருஷமாச்சு, யாரும் போறதில்ல. அரை அடி கனத்துக் கதவு, உள்ள கத்தினா வெளிய..."

மிச்சத்தை நான் கேட்கவில்லை. படிக்கட்டில் மூன்று மூன்று படியாகப் பாய்ந்துகொண்டிருந்தேன்.

* * *

பேஸ்மெண்ட் வராந்தாவில் உடைந்த நாற்காலிகள், பழைய மேஜைகள். கடைசியில் தகரம் அடித்த கதவு. பழைய தாழ்ப்பாள், புதுப் பூட்டு. சுவரில் தொங்கிய தீயணைப்புக் குடுவையைக் கழற்றி நாலு போடு போட்டேன். பூட்டு தெறித்தது. குடுவையைக் கீழே போட்டுவிட்டுக் கதவை இழுத்தேன்.

உள்ளே ரத்தமும் மூத்திரமும் கலந்த வீச்சம். காணாமல் போன சிலிண்டர் வாசலருகில் நின்றது. மங்கல் விளக்கின் கீழே, சுவரில் முடுக்கிய இரும்பு ஷெல்ஃபோடு ஒரு பெண் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தாள். உதடு கிழிந்து, முகம் ஒரு பக்கம் வீங்கிக் கண் மூடிக் கிடந்தது. இடது கையில் இரண்டு விரல்கள் பின்பக்கமாக மடங்கி ஊதியிருந்தன. வலது கையில் ஒரு கீறல் இல்லை. சீட்டு எழுத அந்தக் கை வேண்டும் என்று விட்டு வைத்திருக்கிறான்.

"தங்கச்சி! பயப்படாதேம்மா. உங்க அக்கா அனுப்பின ஆள்."

அவள் ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். அந்தக் கண் என் தோளுக்குப் பின்னால் போயிற்று. "அத்தான்" என்றாள்.

திரும்புவதற்குள் இரும்பு ஸ்பானர் என் பிடரியில் இறங்கியது. மண்டியிட்டு விழுந்தேன். அடுத்தது முதுகில், அதற்கடுத்தது அதே இடது காதில். அந்தக் காதின் மேல் அன்று எல்லாருக்கும் என்ன கோபமோ தெரியவில்லை. தலை சுற்றிய நிலையில் வெள்ளைச் சட்டையைப் பார்த்தேன். அதில் என் ரத்தம் பொட்டுப் பொட்டாகத் தெறித்திருந்தது.

"லிஸ்ட் எங்கேன்னு சொல்லியிருந்தா, வர்ற திங்கட்கிழமை கமிட்டி முன்னாடி காட்டியிருப்பேன், எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருக்கும். என் வேலையை இன்னும் ஒரு வருஷம் நீட்டியிருப்பாங்க" என்றார் அவர், அவளைப் பார்த்து, பாடம் நடத்துகிற குரலில். "ஒன்பது வருஷம் என் கிருமி. உனக்கு என்னடி உரிமை?"

"எனக்குத் தெரியாது அத்தான். நூறு தடவை சொல்லிட்டேன்."

அவர் ஸ்பானரால் சிலிண்டரின் வாயைத் திருகினார். புஸ்ஸென்று கேஸ் சீறியது. ஸ்பானரை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. உள்பக்கக் கைப்பிடி இருந்த இடத்தில் வெறும் ஓட்டைதான் இருந்தது.

சிலிண்டர் வாயைக் கையால் திருகிப் பார்த்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம். மூச்சு வாங்கியது. தரையில் உட்கார்ந்து யோசிக்கலாம் என்று குனிந்தேன்.

"அண்ணே, உக்காராதீங்க!" ஈக்காரி கத்தினாள். "அது காத்தை விட கனம். தரையில இருந்துதான் ரொம்பும். மேல ஏறணும்!"

"ஈ மாதிரியா?"

"ஆமா, ஈ மாதிரி."

சங்கிலியை இழுத்தேன், அறுபடவில்லை. ஷெல்ஃபையே பிடித்து இழுத்தேன். கால் நடுங்கியது, கண்ணில் பூச்சி பறந்தது, தலைக்குள் சம்மட்டி அடித்தது. பதினெட்டு வருஷம் மூட்டை தூக்கிய முதுகை நம்பி இன்னொரு இழுப்பு. போல்ட்டு சிமெண்ட்டோடு பெயர்ந்து வந்தது. கம்பியில் இருந்து சங்கிலியை உருவி, அவளைத் தூக்கி என் தோள் மேல் உட்காரவைத்தேன். அவள் தலை கூரையில் இடித்தது.

"மூச்சை மெதுவா விடுங்க. கதவுகிட்ட போங்க" என்றாள். போனேன். அவள் சங்கிலி சுற்றிய நல்ல கையால் கதவில் குத்த ஆரம்பித்தாள். நான் காலால் உதைத்தேன். பிறகு என் கால் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. விழக்கூடாது, விழுந்தால் அவளும் கீழே வந்துவிடுவாள் என்பது மட்டும் தெரிந்தது.

* * *

வெளியே நடந்ததைப் பெரியம்மா பிறகு சொன்னார்.

நான் ஓடியதும் அவர் பேராசிரியரிடம், "நாலு டிகிரின்னு பார்த்தும் ஒருத்தர் சரியா இருக்குன்னு சொன்னாரே, ஏன் சார்?" என்று கேட்டிருக்கிறார். "கிருமிக்காரனா இருப்பான். அவங்க எதையும் நாலு டிகிரிலதான் பத்திரப்படுத்துவாங்க" என்றாராம் அவர். ஈக்காரி அதை நம்பித்தான் எழுதியிருக்கிறாள். கொண்டுபோகிறவனுக்கு உறைக்காது, ஈ தெரிந்தவர்கள் யார் பார்த்தாலும் கத்துவார்கள். பெரியம்மா வராந்தாவை எட்டிப் பார்த்திருக்கிறார். தண்ணீரும் வரவில்லை, தண்ணீர் எடுக்கப் போனவரும் வரவில்லை. பேராசிரியர் கத்தியது அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். பேராசிரியரை போலீஸுக்குப் போன் போடச் சொல்லிவிட்டு, அக்காக்காரியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, அந்த முழங்காலோடு படி இறங்கியிருக்கிறார்.

கீழே அத்தான் கதவில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தார்.

"இது பழைய ரூம். உள்ள யாரும் இல்ல" என்றார்.

கதவு தொம் தொம்மென்று அதிர்ந்தது.

"யாரும் இல்லேன்னா யாருங்க தட்டுறது?" என்று கேட்டாள் அக்காக்காரி. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். அப்புறம்தான் அவர் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தாள்.

அவர் அவளைச் சுவரில் தள்ளி, ஸ்பானரைப் பெரியம்மாவின் தலைக்கு ஓங்கினார். அக்காக்காரி தரையில் நான் போட்டிருந்த தீயணைப்புக் குடுவையை இரண்டு கையாலும் எடுத்தாள். முதல் வீச்சு அவர் முழங்கையில் விழுந்தது. எலும்பு முறிந்தது வராந்தா முழுக்கக் கேட்டதாம். இரண்டாவது தோளில். மூன்றாவதற்குள் பெரியம்மா தாழ்ப்பாளைத் தூக்கிவிட்டார்.

கதவோடு சேர்ந்து நானும், என் மேல் ஈக்காரியும் வெளியே விழுந்தோம். காற்று! ஒரு வாய், இரண்டு வாய் விழுங்கினேன். மூன்றாவது வாய்க்குள் அந்த ஆள் ஒடிந்த கையைத் தொங்கவிட்டபடி, இன்னொரு கையால் அவள் கழுத்தைப் பிடித்துவிட்டார். நான் அவரை மரியாதையாக 'அவர்' என்று நினைத்தது அதோடு முடிந்தது. சட்டையைப் பிடித்துத் தூக்கி அவன் முகத்தில் ஒரு குத்து விட்டேன். மூக்கு உட்கார்ந்தது. இன்னொன்று. ஒரு பல் எங்கேயோ தெறித்தது. அடுத்ததற்குள் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும்டா. பேசறதுக்கு வாய் மிச்சம் வை."

அவன் பேசவில்லை, கத்தினான். "எங்கடி அந்த லிஸ்ட்? உன் நோட்டை எடுத்துப் பார்த்தேன், அதுல இல்ல, கம்ப்யூட்டர்ல இல்ல, எங்கடி வெச்சே?"

தங்கையின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்த அக்காக்காரி நிமிர்ந்தாள். "எந்த லிஸ்ட்?"

"அக்கா, பேசாதே" என்றாள் ஈக்காரி, கிழிந்த உதட்டோடு.

"பாட்டில்ல நான் நம்பர் ஒட்டிக் குடுத்தேனே, அதுவா?"

அவன் கத்துவதை நிறுத்தினான்.

"போன வருஷம் நீங்க வெளியூர் போயிருந்தீங்க" என்றாள் அவள் புருஷனிடம், சாதாரணமாக. "இருபத்திநாலு பாட்டில் கொண்டு வந்தா. எது எதுன்னு எனக்கே தெரியக்கூடாதுக்கா, உனக்கு இந்தப் படிப்பு தெரியாது, அதனால நீயே கலைச்சு நம்பர் ஒட்டு, நான் கெஞ்சிக் கேட்டாலும் வேலை முடியற வரைக்கும் குடுக்காதேன்னா. நம்ம சமையல்கட்டு மேஜையில வெச்சுத்தான் ஒட்டினேன். லிஸ்டைக் கவர்ல போட்டுத் தையல் மெஷின் டிராயர்ல வெச்சிருக்கேன். செவ்வாய்க்கிழமை காலைல இந்தச் சட்டைக்கு மூணாவது பட்டன் தெச்சேனே, அந்த டிராயரைத் திறந்து நூல்கண்டு எடுத்துக் குடுத்தது நீங்கதானே? கவர் மேலதான் இருந்துது அந்த நூல்கண்டு."

அவன் வாயில் இருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை. கதவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், மறுபடி கதவைப் பார்த்தான்.

பெரியம்மா ஈக்காரியின் நெற்றியில் கை வைத்தார். "பதினேழு எதுன்னு உனக்குத் தெரியாதுங்கறது நிஜம். அக்காகிட்ட இருக்குன்னு சொல்லியிருந்தா முதல் நாளே உன்னை விட்டிருப்பானேம்மா. விரலை ஒடிக்கிற வரைக்கும் ஏன் சொல்லல?"

"என்னை விட்டிருப்பார்" என்றாள் ஈக்காரி. "நேரா வீட்டுக்குப் போயிருப்பார். அக்கா தனியா இருப்பா."

அக்காக்காரி மடங்கிய அந்த இரண்டு விரல்களைத் தொடாமல் கையை மட்டும் ஏந்திக்கொண்டு, குனிந்து, சத்தமில்லாமல் அழுதாள். எனக்கும் கண்ணில் நீர் வந்தது. கேஸ் எரிச்சல் என்று பெரியம்மாவிடம் சொன்னேன். அந்த கேஸுக்கு எரிச்சல் கிடையாது என்று ஈக்காரி திருத்தினாள்.

போலீஸும் ஆம்புலன்ஸும் ஒன்றாகவே வந்தன. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அவள் என் சட்டையைப் பிடித்தாள்.

"அண்ணே, பதினேழைத் தட்டிப் பார்த்தீங்களா? ஏறுதா?"

"ஏறுது தங்கச்சி. நம்மளை விட நல்லா ஏறுது."

அவள் சிரிக்கப் பார்த்தாள். முன்பல் இருந்த இடம் காலியாகத் தெரிந்தது.

இரண்டு போலீஸ்காரர்கள் அவனைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போனார்கள். அக்காக்காரி எழுந்து, குறுக்கே போய் நின்றாள். போலீஸ்காரர்கள் தயங்கினார்கள். அடிக்கப் போகிறாள் என்று நான் நினைத்தேன். அவள் அவன் சட்டையில் மேலிருந்து மூன்றாவது பட்டனைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். துணியோடு பிய்ந்து வந்தது. அதைக் கையில் இறுக்கி மூடிக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமலே திரும்பி, தங்கையின் ஸ்ட்ரெச்சர் கூட நடந்தாள்.